யார் கணக்கில் வரவு வைப்பது?

ஜே.பி. மார்கன் என்று ஒரு அமெரிக்க பாங்கர் இருந்தார். ரயில்வே, எஃகு, மின்சாரம் என்று அந்தக் காலத்தில் எதைத் தொட்டாலும் அதில் மார்கனின் பணம் இருக்கும். 1907-ல் நியூயார்க்கில் பாங்குகள் மளமளவென்று சரிய ஆரம்பித்தபோது, மற்ற பாங்கர்களைத் தன் நூலகத்தில் உட்காரவைத்துப் பேசிச் சரிவை நிறுத்தியவர் இவர்தான். அப்பேர்ப்பட்ட மனிதரால் கடைசிவரை வாங்க முடியாமல் போன ஒரு பொருள் உண்டு. சாதாரணமான ஒரு மூக்கு.

மார்கனின் மூக்கு சிவந்து, வீங்கி, மேடும் பள்ளமுமாக இருக்கும். போட்டோ எடுத்தால் அதைத் திருத்திச் சின்னதாக்கித்தான் வெளியே விடுவார்கள். அவருக்கு இருந்த வியாதியின் பெயர் ரோசேஷியா. மூக்கு இப்படித் தடித்துப்போவது அது முற்றினால் வருகிற கோலங்களில் ஒன்று.

வெள்ளைக்காரர் வியாதிதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெளுத்த தோலில் அதிகம் கண்ணில் படும், அவ்வளவுதான். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சுலபமாகத் தெரியாது. அதனால் 'பரு' என்று சொல்லி வருஷக்கணக்கில் பருவுக்கான க்ரீமைப் பூசிக்கொண்டு திரிபவர்கள் இங்கேயும் உண்டு. முப்பது வயசுக்கு மேல் கன்னத்திலும் மூக்கிலும் திகுதிகுவென்று எரிச்சல், சூடு, சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஆனால் பருவில் வரும் கரும்புள்ளிகள் மட்டும் இல்லை. இப்படி இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்த வியாதியின் குணம் விசித்திரமானது. வெயில், அடுப்படிச் சூடு, காரம், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானம், மது, மனக்கவலை என்று எதுவும் இதைத் தூண்டிவிடும். ஒரு வாரம் முகம் கொதிக்கும். அடுத்த வாரம் தானாகவே தணியும். நிரந்தரமாக ஒழித்துக்கட்டும் மருந்து இன்றுவரை இல்லை. அடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

தானாக ஏறி, தானாக இறங்கி, முழுசாகவும் குணமாகாத வியாதி. இப்படி ஒன்று கிடைத்தால் மாற்று மருத்துவக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இதில் முன் வரிசையில் நிற்பது ஹோமியோபதி. சரி, அதை ஒரு கணக்குப் பிள்ளையின் கண்ணோடு பார்ப்போம். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த மருத்துவம் பற்று வரவு ஒன்றுதான்.

முதலில் அவர்கள் தரப்பு வாதம். ஜெர்மனியில் சாமுவேல் ஹானிமன் என்றொரு டாக்டர். 1790-ல் சின்கோனா மரப்பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். மலேரியா ஜுரம் மாதிரியே குளிரும் படபடப்பும் வந்தது. ஆஹா, மலேரியாவைக் குணப்படுத்தும் பட்டை ஆரோக்கியமானவனுக்கு மலேரியா அறிகுறியைத் தருகிறதே என்று நினைத்தார். அங்கே பிறந்தது 'ஒத்தது ஒத்ததைக் குணமாக்கும்' என்ற கொள்கை. 1796-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1810-ல் புத்தகமே போட்டார்.

ரோசேஷியாவுக்கு இந்தக் கொள்கை கச்சிதமாகப் பொருந்தும். பெல்லடோனா என்றொரு விஷச்செடி இருக்கிறது. அதைத் தெரியாமல் தின்றவனுக்கு முகம் செக்கச்செவேலென்று சிவந்து கொதிக்கும். அப்படியானால் முகம் சிவக்கிற வியாதிக்கு மருந்து எது? பெல்லடோனா! எரிச்சல் அதிகம், சூடு தாங்கவில்லை என்றால் சல்ஃபர். கன்னத்தில் வட்டமாகச் சிவப்பு என்றால் சாங்குவினேரியா. மாதவிடாய் நிற்கிற வயசில் குப்பென்று சூடு ஏறினால் பாம்பு விஷத்திலிருந்து எடுக்கும் லாக்கெசிஸ். சட்டென்று கண் கலங்குகிற சாது என்றால் பல்சட்டில்லா.

கவனித்தீர்களா? ஒரே வியாதிக்கு ஐந்து பேருக்கு ஐந்து மருந்து. 'நாங்கள் வியாதியைப் பார்ப்பதில்லை, மனுஷனைப் பார்க்கிறோம்' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி அந்தச் சர்க்கரை உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். புட்டியில் '30சி' என்று போட்டிருந்தால் அர்த்தம் இதுதான். ஒரு சொட்டு மருந்தை நூறில் ஒரு பங்காகக் கரைப்பது, அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடி நூறில் ஒரு பங்காக்குவது. இப்படி முப்பது தடவை. கணக்குப் போட்டால் 1-க்குப் பின்னால் 60 பூஜ்யம். கோடியைக் கோடியால் பெருக்கிக்கொண்டே போய், எட்டுக் கோடிகளைப் பெருக்கி முடித்து, அதன் தலையில் ஒரு பத்தாயிரத்தையும் வைத்தால் வருகிற எண். அந்த அளவு கரைத்தபின் மூல மருந்தின் ஒரே ஒரு மூலக்கூறாவது கிடைக்க வேண்டுமென்றால், பூமி முழுவதையும் தண்ணீராக்கிக் குடித்தாலும் போதாது. உண்மையில் 12சி தாண்டும்போதே மருந்து விடைபெற்றுப் போயிருக்கும்.

மதர் டிங்சர் என்கிற மூலத் திரவத்திலும், ரொம்பக் குறைவாகக் கரைத்த மருந்துகளிலும் சரக்கு இருக்கும். அதை மறுக்கவில்லை. நான் சொல்வது வீரியம் கூடியது என்று சொல்லித் தருகிற உருண்டைகளை.

இந்த இடத்தில் நீங்கள் கை தூக்குவீர்கள் என்று தெரியும். "ஸார், கணக்கெல்லாம் இருக்கட்டும். எங்க அத்தைக்கு மூணு மாசத்துல முகம் தெளிஞ்சிடுச்சே!"

தெளிந்திருக்கும். அத்தை பொய் சொல்லவில்லை. என் கேள்வி வேறே. தெளிவு வந்தது, சரி. அந்த வரவை யார் கணக்கில் எழுதுவது?

முதல் உரிமைக்காரர், காலம். யாரும் முகம் நன்றாக இருக்கும்போது டாக்டரிடம் போவதில்லை. தாங்க முடியாமல் எரிகிறபோதுதான் போகிறோம். ஏறி இறங்குகிற வியாதியில் உச்சத்துக்கு அடுத்தது என்ன? இறக்கம்தான். அன்றைக்கு நீங்கள் உருண்டை சாப்பிட்டாலும், பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போட்டாலும் அது இறங்கத்தான் போகிறது.

இரண்டாவது உரிமைக்காரர், நம்பிக்கையும் கவனிப்பும். 2014-ல் வெளியான இரண்டு சோதனைகளைப் பாருங்கள். ஐவர்மெக்டின் 1 சதவிகிதக் க்ரீமை ரோசேஷியா கொப்புளங்களுக்கு 12 வாரம் பூசிப் பார்த்தார்கள். இரண்டிலுமாக 1,300 பேருக்கு மேல். ஒரு பகுதியினருக்கு மருந்துள்ள க்ரீம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் க்ரீம். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து பூசியவர்களில் முகம் தெளிந்தவர்கள், ஏறக்குறையத் தெளிந்தவர்கள் முதல் சோதனையில் 38.4 சதவிகிதம், இரண்டாவதில் 40.1. வெறும் க்ரீம் கோஷ்டியில் 11.6, 18.8.

இந்தக் கடைசி இரண்டு எண்களைத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்றுமே இல்லாத க்ரீமிலும் நூற்றில் பதினொன்றிலிருந்து பத்தொன்பது பேர்வரை தேறிவிட்டார்கள். இது ஆரம்ப இருப்பு. ரோசேஷியாவுக்கு மருந்து விற்கிற எவரும் இதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தார் என்று காட்ட வேண்டும். ஐவர்மெக்டின் காட்டிவிட்டது. 'எங்கள் கிளினிக்கில் பலர் குணமானார்கள்' என்று ஹோமியோபதி காட்டுவது ஆரம்ப இருப்பையே லாபம் என்று எழுதுகிற வேலை. இப்படி எழுதினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

மூன்றாவது உரிமைக்காரர், அறிவுரை. ஹோமியோ டாக்டர்கள் பலர் மருந்தோடு பத்தியமும் சொல்வார்கள். காரம் குறை, வெயிலில் போகாதே, காப்பி குடிக்காதே. காப்பி மேல் ஹானிமனுக்கே கோபம். அதைத் திட்டித் தனியாகக் கட்டுரை எழுதினவர் அவர். காரமும் வெயிலும் குறைந்தால் ரோசேஷியா தணியும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் காப்பிதான் பாவம். 2018-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளின் விவரங்களை அலசியபோது, காப்பி நிறையக் குடித்தவர்களுக்கு ரோசேஷியா வந்தது குறைவாகத்தான் இருந்தது. காப்பிதான் காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இதில் வழியில்லை. முகத்தைத் தூண்டிவிடுவதில் பெரிய பங்கு பானத்தின் சூட்டுக்கு. டபராவில் ஆற்றிக் குடியுங்கள்.

நான்காவது உரிமைக்காரர்தான் நம் நாட்டில் ரொம்ப முக்கியம். ஸ்டீராய்ட் க்ரீமை நிறுத்துவது. முகம் வெளுக்க, பரு போக என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி மாசக்கணக்கில் பூசுகிற க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்ட் இருக்கிறது. முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவந்து, ரோசேஷியா மாதிரியே ஒரு முகத்தைக் கொடுத்துவிடும். இந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்ட் பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் ஹெச்-சுக்குள் கொண்டு வந்தது.

ஹோமியோ டாக்டர் என்ன செய்கிறார்? 'களிம்பெல்லாம் நிறுத்து' என்கிறார். இந்த ஒரு விஷயத்தில், ஸ்டீராய்ட் பூசுகிறவருக்கு அவர் சொல்வது சரி. ஆனால் நிறுத்தினவுடன் முகம் முன்னைவிட மோசமாகப் பொங்கும். சில வாரங்கள், சில சமயம் மாதங்கள். அப்போது வருகிற விளக்கம் இருக்கிறதே, அதுதான் பிரமாதம். 'உள்ளே அமுக்கி வைத்த நோய் வெளியே வருகிறது. மருந்து வேலை செய்கிறது.'

யோசித்துப் பாருங்கள். முகம் தெளிந்தால் மருந்து ஜெயித்தது. பொங்கினால் மருந்து வேலை செய்கிறது. ஒன்றும் ஆகவில்லையென்றால் வீரியத்தை மாற்ற வேண்டும். நஷ்டம் என்கிற பத்தியே இல்லாத கணக்குப் புத்தகம் இது. எந்தக் கம்பெனியாவது இப்படிக் கணக்கு காட்டினால் அதில் நீங்கள் ஒரு ரூபாய் போடுவீர்களா?

'போனால் போகிறது, பக்க விளைவு இல்லாத சர்க்கரைதானே' என்று விடலாமா? விட முடியாது. ரோசேஷியா முகத்தோடு நிற்பதில்லை. கணிசமானவர்களுக்குக் கண்ணிலும் வரும். மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், இமை வீக்கம், அடிக்கடி கண்கட்டி. கவனிக்காமல் விட்டால் சிலருக்குக் கருவிழியில் புண் வந்து பார்வையே பாதிக்கும். சிலருக்கு முகத்துக்கு முன்பே கண்ணில் ஆரம்பிக்கிறது. இன்னொன்று: கன்னச் சிவப்பு எல்லாமே ரோசேஷியா இல்லை. லூபஸ் என்ற வியாதியிலும் கன்னம் சிவக்கும். அது சிறுநீரகம்வரை போகக் கூடியது. ரத்தப் பரிசோதனை செய்யாமல், 'சட்டென்று அழுவீர்களா, தாகம் எடுக்குமா' என்று மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. பி.ஹெச்.எம்.எஸ். படித்த பொறுப்பான டாக்டர்கள் சந்தேகம் வந்தால் உடனே அனுப்பிவிடுகிறார்கள். 'இன்னும் ஆறு மாசம் பொறுங்கள்' என்பவரிடம்தான் ஆபத்து. இங்கே தொலைகிற சொத்து பணம் இல்லை, நாள்.

ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் 61 உடல்நலக் கோளாறுகள் பற்றிய 176 ஆய்வுகளைப் பரிசீலித்துவிட்டு, ஹோமியோபதி பலனளிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதிலும் இல்லை என்றது. ஹோமியோ தரப்பு அதை ஏற்கவில்லை, சண்டை போட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2017-ல் ஹோமியோ மருந்து எழுதித் தருவதை நிறுத்தச் சொன்னது. பிரான்ஸ் 2021-லிருந்து அதற்கான செலவைத் திருப்பித் தருவதில்லை. நம் நாட்டில் 1973-லேயே தனிச் சட்டம் போட்டு அங்கீகரித்திருக்கிறோம். அங்கீகாரம் என்பது படிப்புக்கும் பதிவுக்கும் கொடுக்கிற முத்திரை. மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சோதனைதான் சாட்சி.

இவ்வளவு சொன்னபிறகு இன்னொரு பக்கமும் எழுதாவிட்டால் என் கணக்கு டேலி ஆகாது. ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள்? தோல் டாக்டர் மூன்று நிமிஷத்தில் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். ஹோமியோ டாக்டர் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, தூக்கம் எப்படி, வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்கிறார். முகம் சிவந்திருப்பதால் கல்யாணத்துக்குப் போகாமல் தவிர்க்கிற ஒரு பெண்ணுக்கு, அந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல். அந்தப் புட்டியைவிட அந்த நாற்காலிக்கு மதிப்பு அதிகம். நம் தோல் டாக்டர்கள் அங்கிருந்து கடன் வாங்க வேண்டியது அந்த நாற்காலியை மட்டும்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது கஷ்டமில்லை. ஒரு நோட்டு போடுங்கள். என்றைக்கு முகம் கொதித்தது, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், வெயிலில் போனீர்களா என்று மூன்று மாசம் எழுதுங்கள். தினமும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள். ஸ்டீராய்ட் க்ரீம் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிற விதத்தில் நிறுத்துங்கள். மெட்ரோனிடஸோல், அஸெலாயிக் ஆசிட், ஐவர்மெக்டின், டாக்சிசைக்ளின் என்று சோதனையில் தேறின மருந்துகள் இருக்கின்றன. எது உங்களுக்கு என்று அவர் முடிவு செய்யட்டும். கண் உறுத்தினால் அன்றைக்கே கண் டாக்டர்.

அதற்கு மேலும் ஆசையாக இருந்தால் உருண்டையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பிடுங்க மாட்டேன். ஆனால் முகம் தெளிகிற அன்றைக்கு வரவு எழுதும்போது, பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள்.