பழைய சீடியாவுக்குப் புது சஸ்பென்ஷன்: மௌலா அலி சாலைகள் சொன்ன தீர்ப்பு

திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி சீடியா 2006இல் வந்தது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் மல்டி-லிங்க். டாமி மாகினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்ற லான்சர் குடும்பத்துக் கார் இது. நம் நாட்டு ராலிகளிலும் எம்.ஆர்.எஃப். அணியின் சீடியாக்கள் புழுதி கிளப்பியிருக்கின்றன. இன்று அந்தக் கார்களில் பல பதினைந்து வயதை எட்டியோ தாண்டியோ நிற்கின்றன. அவற்றை ஆசையாக வாங்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "எந்தக் காயில்ஓவர் போடலாம்?"

ஹைதராபாத் மௌலா அலியில் ஹவுசிங் போர்டு காலனி நண்பர் ஒருவரின் சீடியா கட்டம் கட்டமாக மாறியது. ஒவ்வொரு கட்டத்திலும் அதை ஓட்டிப் பார்த்தேன். இந்தச் சோதனைக்கு மௌலா அலி பொருத்தமான இடம். கமான் பக்கம் அடுத்தடுத்து வேகத்தடைகள், காலனிக்குள் தோண்டி மூடிய தெருக்கள், நாச்சாரம் பக்கம் லாரிகள் நசுக்கிய தார். அங்கிருந்து கீசரா பக்கம் போனால் வழவழப்பான வெளிவட்டச் சாலை. கார் வாழ வேண்டியது இந்த இரண்டிலும்தான்.

வாங்கிய நிலையில் முன் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்திருந்தது. லோயர் ஆர்ம் புஷ்கள் வெடித்திருந்தன. பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். இந்த நிலையில் எதைப் போட்டாலும் அது நல்லதா கெட்டதா என்றே தெரியாது. அதனால் முதல் செலவு பழையதைப் புதுப்பிக்கத்தான் போனது: கம்பெனி அளவிலேயே புது ஷாக்குகள், டாப் மவுண்ட், புஷ்கள், லிங்க் ராட், பம்ப் ஸ்டாப், வீல் அலைன்மென்ட். மூன்று கட்டங்களிலும் மிகப் பெரிய மாற்றம் இதுதான். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஒரே அசைவில் கார் அடங்கிவிடுகிறது. மையத்தில் தளர்ந்து கிடந்த ஸ்டீயரிங் கைக்குப் பேசத் தொடங்கியது. பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்பவர்கள் உண்டு. பின்பக்க மல்டி-லிங்கில் புஷ் பல திசையில் முறுக வேண்டும். ரப்பர் அதற்கு வளைந்து கொடுக்கும், பாலியூரித்தேன் பிடித்துக்கொள்ளும், கிறீச்சிடவும் செய்யும். அன்றாடம் ஓட்டும் காருக்கு ரப்பரே போதும்.

அடுத்தது, அதே ஷாக்குகளின் மேல் 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங். பார்க்க அழகு, மறுக்க மாட்டேன். வெளிவட்டச் சாலையில் தடம் மாறும்போது உடல் சாய்வதும் குறைந்தது. ஆனால் காலனித் தெருவில் நான்கு பேரோடு போனபோது, பள்ளத்துக்குப் பள்ளம் பம்ப் ஸ்டாப்பில் முட்டியது. காரணம் எளிது. தாழ்த்திய 30 மி.மீ.யும் சக்கரம் மேலே எழும்ப வேண்டிய இடத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. ஸ்ட்ரட் வகை காரைத் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாயும்; அதனால் உருள்மையம் (கார் சாயும்போது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூடச் சாயும் விசையும் கூடும். ஸ்பிரிங்கின் புது விறைப்பில் ஒரு பகுதி இதைச் சமாளிக்கவே செலவாகிவிடும். ஷாக்கும் ஈடுகொடுக்க வேண்டும்: ஸ்பிரிங் 44 சதவீதம் விறைத்தால், அதே எடைக்குத் தணிப்பு ஏறக்குறைய 20 சதவீதம் கூட வேண்டும். கம்பெனி ஷாக்கில் அது இல்லை. வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மூன்றாவது காயில்ஓவர்: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு. மோனோட்யூப் வகை, தணிப்பைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். உயரத்தைக் கிட்டத்தட்ட கம்பெனி அளவிலேயே வைத்து, தணிப்பை நடுவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தியபோது கார் அபாரமாக ஓடியது. கீசரா பக்க வளைவுகளில் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று உள்ளங்கையில் தெரிந்தது. வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: உயரத்தை அடிப்பக்கத் திருகில் மாற்ற முடிய வேண்டும். ஸ்பிரிங் தட்டை மட்டும் இறக்கித் தாழ்த்தும் வகையில், ஷாக்கின் அசைவு தூரமும் சேர்ந்தே குறையும். கசிந்தால் இங்கேயே பிரித்துச் சரிசெய்து தர ஆள் இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். திருகு மரைகளை மழைக்காலம் முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். லான்சர் எவோ 7, 8, 9 இதே தலைமுறை உடலமைப்பில் வந்தவைதான். ஆனால் அவற்றின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் வேறு, பெயரைப் பார்த்துப் பாகம் வாங்காதீர்கள்.

குறைந்த செலவில் நிறைந்த பலன் வேண்டுமானால் பின் ஸ்டெபிலைசர் பார். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிப்படி கூடும்: 20 மி.மீ. கம்பியை 22 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 46 சதவீதம் ஏறும். முன்சக்கர இயக்கக் காரில் மூக்கு வெளியே ஓடும் குணத்தை இது குறைக்கும். ஆனால் டயர் பழசாக இருந்தால் மழையில் பின்பக்கம் விலகும். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது.

சட்டமும் உண்டு. தயாரிப்பாளரின் அளவுகளுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதினைந்து ஆண்டுப் பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோகும் நாளில் இது நினைவுக்கு வரும். கழற்றிய பாகங்களை எறிந்துவிடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கியதுமே புது ரப்பர் முறுகிவிடும், சில மாதங்களிலேயே கிழியும். பக்கத்தில் நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.