பயம் தெரிந்த பயிற்சியாளர்

கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போக வேண்டுமென்றால் பாலம் ஏற வேண்டும், இல்லை படகு ஏற வேண்டும். தினமும் தண்ணீரைத் தாண்டுகிற ஊர் என்பதால் எல்லாருக்கும் நீந்தத் தெரியும் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். ஆனால் 2015 ஆகஸ்ட் 26 அன்று ஃபோர்ட் கொச்சி–வைப்பின் பயணிகள் படகில் ஒரு மீன்பிடிப் படகு மோதியது. கரைக்கு அருகிலேயே 11 பேர் இறந்துபோனார்கள்.

இந்த ஊரில் யாரிடம் நீச்சல் கற்பது? நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: பதக்கம் வாங்கியவரிடம். பந்தயத்திலிருந்து ஓய்ந்தவரைப் பார்த்து, ‘அடுத்தது கோச்சிங்தானே?’ என்று கேட்பது கிட்டத்தட்டச் சடங்காகிவிட்டது. கேரளத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. வில்சன் செரியன், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நீந்திய செபாஸ்டியன் சேவியர், நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் என்று பெயர்கள் வரிசையாக வரும். ஆனால் அந்தப் பதிலை நான் அவ்வளவு எளிதாக ஏற்க மாட்டேன்.

வேகமாக நீந்துகிறவருக்குத் தன் உடல் என்ன செய்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன் 1960களில் நீருக்கடியில் கேமரா வைத்துப் படமெடுத்தபோது இது அம்பலமானது. கையை நேராகப் பின்னுக்கு இழுப்பதாகத்தான் பயிற்சியாளர்கள் சொல்லிவந்தார்கள், வீரர்களும் அப்படியே நம்பினார்கள். படத்தில் கை வளைந்து வளைந்து போயிற்று. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ‘நான் நீந்துவதுபோல் நீந்து’ என்று சாம்பியன் சொன்னால், எப்படி நீந்துகிறார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய மறதி ஒன்று இருக்கிறது. நான்கு வயதிலேயே தண்ணீரில் இறங்கியவருக்கு, நீந்தத் தெரியாமல் இருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதே நினைவிருக்காது. மூக்கில் தண்ணீர் ஏறியதும் உடம்பு முழுக்க விறைத்துப்போகும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அவர் என்ன சொல்லித்தருவார்? ‘ரிலாக்ஸ்’ என்பார்.

நீச்சல் வீராங்கனை நிஷா மில்லட்டின் வாழ்க்கை எனக்கு முக்கியமாகப் படுவது இங்கேதான். ஐந்து வயதில் மூழ்கிப் பிழைத்தவர். அந்தப் பயத்தோடு இருந்த பெண்ணை அப்பாதான் விடாப்பிடியாகத் தண்ணீருக்குக் கூட்டிவந்தார். ஒன்பது வயதில், 1991இல், சென்னை ஷெனாய் நகரில் தொடங்கினார். 1999இல் அர்ஜுனா விருது, 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல். பிறகு முதுகில் அறுவை சிகிச்சை. 2004 ஏதென்ஸுக்கான தகுதி நூலிழையில் கைநழுவியது. அதோடு பந்தயத்தை விட்டுவிட்டுப் பெங்களூரில் தன் பெயரில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அவருடைய பதக்கங்கள் பெற்றோரை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே வந்த குழந்தைக்கு அதிகம் உதவக்கூடியது அந்த ஐந்து வயதுப் பயமும் 2004ஆம் ஆண்டுத் தோல்வியும்தான் என்று நினைக்கிறேன்.

நிஷாவுக்குக் கைநழுவிய அந்த ஏதென்ஸில் இன்னொருவர் தோற்றார். பிரிட்டனின் மெல் மார்ஷல் அந்த ஆண்டு 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலகிலேயே வேகமானவராகப் போய், இறுதிப் போட்டிக்குக்கூட வராமல் திரும்பினார். பிறகு டெர்பியில் பயிற்சியாளராகி ஆடம் பீட்டியை உருவாக்கினார். பீட்டி 2016இலும் 2021இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில். மார்ஷல் பெயர் வாங்கிய பாணி அதுவன்று. ஆகவே அவர் தன் கையசைவை நகலெடுக்கக் கொடுக்கவில்லை. மாணவனைப் பார்த்துக் கற்றிருக்கிறார்.

நம் ஊரில் இந்தப் பொறுமைக்கு உதாரணம் பயிற்சியாளர் எஸ். பிரதீப் குமார். நிஷா, சஜன் என்று இரண்டு தலைமுறை அவர் கையில் வளர்ந்தது. கழுத்துக் காயத்தோடு 2020இல் துபாயில் அவரிடம் வந்த சஜன், 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:56.38இல் முடித்தார். ஒலிம்பிக் நேரடித் தகுதிக்கான ‘ஏ’ வரம்பு 1:56.48. அதை எட்டிய முதல் இந்தியர் அவர். பிரதீப் குமாருக்கு 2016இல் துரோணாச்சார்யா விருதும் கிடைத்தது. ஆனாலும் சஜனைத் தெரிந்த எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

பதக்கம் வாங்கியவரிடம் கற்கும் வழக்கத்தைப் பணம் இன்னும் கோணலாக்குகிறது. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்குக் காலை ஐந்து மணிக்கும் மாலையிலும் லேன் வேண்டும், வருடக்கணக்கில் வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டணம் வாங்க முடியாது. கோடை முகாமில் ஐம்பது குழந்தைகளைச் சேர்த்தால் குளத்து வாடகை எடுத்துவிடலாம். அதனால் பந்தயம் அறிந்தவர் பந்தயம் கற்பிக்க வழியில்லாமல், தனக்கு மறந்தேபோன முதல் பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருக்கிறார். பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமா இருந்தால் கொஞ்சம் சரியாகும். பெற்றோர் அதைக் கேட்பதில்லை, பதக்கத்தைத்தான் கேட்கிறார்கள்.

கொச்சிக்கு வடக்கே ஆலுவாவில் இதற்கு நேர்மாறான காட்சியைப் பார்க்கலாம். பதக்கத்தால் பெயர் பெறாத சஜி வாளாசேரி என்பவர் பல ஆண்டுகளாகப் பெரியாற்றில் இலவசமாக நீச்சல் சொல்லித்தருகிறார். அதே ஆற்றில் 18 உயிர்களைக் கொண்டுபோன 2007 தட்டேக்காடு படகு விபத்தின் நினைவு அங்கே இன்னும் இருக்கிறது. அவரிடம் கற்ற குழந்தைகள் ஆற்றைக் கடக்கிறார்கள். அங்கிருந்து ஒரு சஜன் பிரகாஷ் வரமாட்டார் என்பதும் உண்மை. நொடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கும் வித்தை ஆற்றில் வராது. அதற்குக் குளமும் கடிகாரமும் பந்தயம் கண்ட கண்ணும் வேண்டும்.

மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பள்ளிச் சீருடையோடு தண்ணீரில் விழுந்தால் ஐந்து நிமிடம் மிதக்க வேண்டும். எறணாகுளம் பக்கம் கடவந்த்ராவில் நல்ல குளம் இருக்கிறது. ஆனால் பள்ளி மணி அடிப்பதற்குள் பாலம் தாண்டிப் போய், நீந்தி, தலை துவட்டித் திரும்பி வர வேண்டும்.