எஸ் என்னும் எழுத்தும் 130 கிராமும்

கோல்ஃப் மட்டையின் தலையைப் பற்றி மணிக்கணக்காகச் சம்பாஷிக்கும் ரசிகர்கள்கூட, அத்தலையைக் கைப்பிடியோடு இணைக்கும் ஷாஃப்டைப் பற்றிக் கேட்டால், அதன்மீது அச்சிட்டிருக்கும் ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று மென்மையிலிருந்து விறைப்புக்கு ஏறிச் செல்லும் அவ்வெழுத்துகளுக்கு அனைவரும் ஒப்புக்கொண்ட பிரமாணம் ஏதுமில்லை. ஒரு கம்பெனியின் ஆர் மற்றொரு கம்பெனியின் எஸ்ஸைவிட விறைத்து நிற்பதும் உண்டு. ஆகையால் எழுத்தை நம்பாமல், ஒரே நீளமுள்ள 7-ஆம் எண் அயர்னில் இரண்டு எஃகு ஷாஃப்டுகளை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன்.

முதலாவது, அமெரிக்காவின் ட்ரூ டெம்பர் கம்பெனியாருடைய டைனமிக் கோல்டு எஸ்300. வெட்டுவதற்கு முன் ஏறத்தாழ 130 கிராம். (200, 300, 400 என்ற எண்கள் விறைப்பைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அவை எடையில் காணும் சொற்ப வித்தியாசத்தையே குறிக்கின்றன.) இரண்டாவது, ஜப்பானின் நிப்பான் ஷாஃப்ட் கம்பெனியாருடைய என்.எஸ்.புரோ 950ஜிஹெச், ஆர் ரகம். 95 கிராமை ஒட்டியது.

கனமான ஷாஃப்டைப் பின்னே உயர்த்தியபோது, தலை எங்கே இருக்கிறது என்பது கண்ணால் காணாமலே கைக்குத் தெரிந்தது. பந்தும் தாழ்வாகப் புறப்பட்டு, எதிர்காற்றைப் பொருட்படுத்தாமல் நேராகச் சென்றது. ஆயினும் தோள்கள் களைக்கத் தொடங்கியதும், தலை சற்றுப் பின்தங்கி வந்துசேர, வலக்கைக்காரனாகிய என் பந்துகள் ஒவ்வொன்றாக வலப்புறம் விலகின. இலேசான ஷாஃப்டிலோ சிரமமே இல்லை. பந்து உயர எழும்பி மெத்தென்று இறங்கியது. ஆனால் ஆசை மிகுந்து வேகம் கூட்டிய ஒவ்வொரு தடவையும் இடப்புறம் இழுத்துக்கொண்டு போயிற்று. ஷாஃப்டின் எடை ஏறக்குறைய 9 கிராம் குறைந்தால், வீசும்போது தலை எவ்வளவு கனக்கிறது என்பதைக் காட்டும் ஸ்விங் வெயிட் ஒரு புள்ளி இறங்கும் என்பது பட்டறைக் கணக்கு. அக்குறையை ஈடுசெய்யத் தலையின் பின்புறம் ஈயப் பட்டை ஒட்டிய பிறகே ஒப்பீடு நியாயமாயிற்று.

ஷாஃப்ட் வில்லைப்போல் வளைந்து நிமிர்ந்து பந்தை உந்துகிறது என்ற ஐதிகம் இன்னும் மறையவில்லை. தலையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் ஷாஃப்ட் செய்யக்கூடியது சொற்பம். அது செய்வதெல்லாம் அதற்கு முன்னதாகவே முடிந்துவிடுகிறது: எத்தனை பாகை சாய்ந்த முகத்தோடு, எப்பக்கம் நோக்கி, தலை பந்திடம் வந்து சேரவேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் அதற்குப் பங்குண்டு. டார்க் எனப்படும் முறுக்கத்தை அளப்பதும் இந்த முகத்திசையின் பொருட்டே. எஃகுக்கு முன் புழங்கிய ஹிக்கரி மரத்தண்டுகள் தாராளமாக முறுக்கிக்கொண்டவை. 1929-இல், கோல்ஃப் விதிகளை வகுத்த செயிண்ட் ஆண்ட்ரூஸ் சபையார் எஃகை அனுமதித்ததும் அவை விரைவில் வழக்கொழிந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ராடார் கருவிக்கு அருகில் நின்ற பொருத்துநர், இளைஞர், நெடுநேரம் பேசாமல் கவனித்துவிட்டு, “வேகம் ஆர்தான் சார், அவசரம்தான் எஸ்” என்றார். டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையில் மணிக்கு 85 முதல் 95 மைல்வரை வீசுவோருக்கு ஆர் என்று கடைகளில் தொங்கும் அட்டவணை, மேலிருந்து கீழே திரும்பும் கணத்தில் ஒருவர் எவ்வளவு ஆவேசமாகத் திரும்புகிறார் என்பதைச் சொல்வதில்லை. ஷாஃப்டின்மீது பாரம் முழுவதும் ஏறுவதோ அக்கணத்தில்தான். அவர் ஆலோசனைப்படி, 105 கிராமை ஒட்டிய டைனமிக் கோல்டு 105, ஆர் ரகத்தைப் பொருத்தி அடித்தபோது, இருபுறமும் சிதறிய பந்துகள் நடுவே வந்து கூடின. உயரம் 950ஜிஹெச் கொடுத்ததைவிடக் குறைவு; அந்த நஷ்டம் எனக்குச் சம்மதமே.

நிதானமாக வீசுபவருக்கு, வயது முதிர்ந்தவராயின் விசேஷமாக, 950ஜிஹெச்சையே சிபாரிசு செய்வேன். வலிமையான தோளும் அன்றாடப் பயிற்சியும் உள்ளவருக்கு எஸ்300-ஐ மறுக்க நியாயமில்லை. ஆனால் அதைப் புத்துணர்ச்சியோடு இருக்கையில் அல்ல, களைத்த பிறகு அடித்துப் பார்த்து வாங்கவேண்டும். இம்முடிவு எதையும் டிரைவருக்கு அப்படியே கொண்டுபோகலாகாது. அங்கே 60 கிராமை ஒட்டிய கார்பன் ஷாஃப்டுகளின் ராஜ்யம், அளவுகளும் வேறு, சோதனையும் வேறு.