‘பாவனாதீதம்’ என்னுஞ் சொல்

சிவஞானபோதம் 6-ஆம் சூத்திரத்து உதாரண வெண்பா ஒன்றின் முதலடியிற் ‘பாவனாதீதம்’ என்னுஞ் சொல் வருகின்றது. இறைவன் நினைப்பிற்கு முற்றும் எட்டாதான் என்பதே மெய்கண்டதேவர் துணிபு என்றற்கு இதனைச் சான்றாகக் காட்டுவாரும், மேனாட்டறிஞர் ஸ்பென்சர் 1862-இல் வெளியிட்ட நூலிற் கூறிய ‘அறியவொண்ணாப் பொருள்’ இதுவேயென ஒப்பிட்டு மகிழ்வாரும் உளர். வெண்பாவை ஈற்றடிகாறும் நோக்காமையின் விளைந்த பிழை இது.

பாவனை என்பது உள்ளத்தாற் கருதுதல். அதீதம் என்பது கடந்தது. ‘பாவனையைக் கடந்தது’ என இரண்டாம் வேற்றுமைத் தொகையாய் விரியும். அதீதம் அவ்வேற்றுமையொடு தொகுதலைப் பாணினியும் ஓதினார். ‘அசிந்தியம்’ என்புழி முன்னின்ற அகரம் எதிர்மறை. ஈண்டு அத்தகையது ஒன்றும் இல்லை. கடந்தது எனவே, கடந்து நிற்கும் பொருள் ஒன்று உளதென்பது தானே போதரும். உடன்வரும் ‘பாவகம்’ என்னுஞ் சொல்லும் தீயை உணர்த்தும் பாவகம் அன்று. தமிழெழுத்தில் வடிவொத்தமையான் மயங்கற்க. பாவனை என்பதே அதன் பொருள்.

இனி, ஆசிரியர் இச்சொல்லை ஆளும் திறம் வியக்கத்தக்கது. பாவனைக்கு உட்படின் அப்பொருள் அசத்தாய் ஒழியும். அதற்கஞ்சிப் ‘பாவனாதீதம்’ என்று விடையிறுப்பானை அவர் அவ்வளவில் விடுகின்றிலர். அங்ஙனம் கூறுவோன், ‘கடந்தது’ என ஒன்றைத் தன் உள்ளத்தே வகுத்துக்கொண்டன்றோ கூறுகின்றான்? அதுவும் ஒரு பாவனையே. அதுவும் அன்றெனின், முயற்கோடுபோலப் பாழாம். ஆகவே, இச்சொல் ஈண்டு அவர் எடுத்து மறுக்கும் கூற்றுக்களுள் ஒன்றாய் நிற்கின்றது. இறைவன் அருளாற் பாவிக்கப்படுவதே பரம் என்பது ஈற்றிற் போந்த முடிபு.

முற்றும் எட்டாதான் எனக் கொள்ளின் வரும் இழுக்குச் சிறிதன்று. பதியை ஞானக்கண்ணாற் சிந்தையில் நாடுக எனவும், திருவைந்தெழுத்தை விதிப்படி எண்ணுக எனவும் 9-ஆம் சூத்திரம் பணிக்கின்றது. எவ்வாற்றானும் எட்டாததனை நாடுக என்றல் மாறுகொளக் கூறலாம். சிவபூசையும் தியானமும் வறிய செயலாய் முடியும். பாசஞானத்திற்கு எட்டாமை முன்னதிலும், பதிஞானத்தான் எய்துதல் பின்னதிலும் கூறப்பட்டன எனக் கொள்ளவே இரண்டும் இயைந்து நிற்கும்.

போரழிவும் பெருஞ்செல்வமும் ‘கற்பனைக்கு எட்டாதன’ என இக்காலத்துச் சொல்லப்படுகின்றன. அவை அளவான் மிக்கன. எண்ணிக் கணக்கிடின் அகப்படும். இறைவனுக்கு ஆகும் அதீதம் அவ்வளவுமிகுதி பற்றியதன்று. ஆதலின், இச்சொல் அவனுக்குப் பெயராய் வருமிடத்துக் குறிப்புரை வரைவோர், ‘கருத்துக்கு எட்டாதான்’ என்று எழுதியொழியாது, ‘உயிர் தன் முனைப்பாற் செய்யும் பாவனையைக் கடந்தான்’ எனத் தெரித்தெழுதுதல் வேண்டும்.