வெசாக் கூடும் அமுதசுரபியும்

கொழும்பு கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராமய விகாரையில் தாய்லாந்துப் பாணியில் கட்டிய தூபி ஒன்று நிற்கிறது. சியாம் அரச குடும்பத்து இளவரசர் பிரிஸ்தாங் 1896இல் இலங்கையில் துறவு பூண்டு ஜினவரவம்ச தேரரானார். அவர் இந்த விகாரையில் வாழ்ந்த காலத்தின் அடையாளம் அது. அவருடைய நாட்டில் நவம்பர்ப் பௌர்ணமியில், நாம் கார்த்திகை விளக்கீடு ஏற்றும் நாள்களை ஒட்டி, வாழைத்தண்டில் செய்த சிறு தெப்பங்களில் விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள். லோய் கிராதோங் என்பது அதன் பெயர். வடக்கே சியாங் மாயில் காகித விளக்குகளை வானில் ஏற்றுவார்கள். கொழும்பில் விளக்கு ஆற்றோடு போவதுமில்லை, வானேறுவதுமில்லை. மே மாத வெசாக் பௌர்ணமியில் அதைக் காகிதக் கூட்டுக்குள் வைத்து வாசலில் நாம் தொங்கவிடுகிறோம்.

இந்த ‘நாம்’ யார் என்ற கேள்வி வெசாக் விடுமுறையோடேயே பிறந்தது. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. இதே விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் கொட்டாஞ்சேனையில் தாக்கப்பட்டது. நீதி கிடைக்காத பௌத்தர்களின் முறைப்பாட்டைக் அமெரிக்கரான கேணல் ஒல்கொட் 1884இல் லண்டனுக்கு எடுத்துச் சென்றார். மறு ஆண்டு வெசாக் பொது விடுமுறையானது. புதிதாக வடிவமைத்த பௌத்தக் கொடியை அந்த வெசாக் நாளில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இங்கேதான் ஏற்றினார். ஆக, இன்றைய வெசாக்கில் பக்தி பாதி, உரிமைக்குரல் பாதி. அடிபட்டவர்கள் எழுப்பிய குரல் அது. அதன் நியாயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆட்சிக்கு வந்த பிறகும் அதே குரலில் பேசியதுதான் கோளாறு. போருக்குப் பின் வடக்கில் இராணுவம் கட்டிய வெசாக் தோரணங்களை நிமிர்ந்து பார்க்க எத்தனை பேருக்கு மனம் வந்திருக்கும்?

2019இல் வெசாக் மே 18ஆம் திகதி வந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் பிற இடங்களிலும் இறந்தவர்களுக்காகக் கொண்டாட்டம் அடங்கியது. அந்த அடக்கத்தை மதிக்கிறேன். அதே மே 18, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் பத்தாவது நினைவு நாளும்கூட. அவர்களை நினைத்துத் தெற்கின் தெருக்களில் வெளிச்சம் தாழ்ந்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவு மனக்குறைக்குப் பிறகும் கூட்டின்மேல் எனக்கு ஆசை போகவில்லை. மூங்கிலைச் சீவி, நூலால் கட்டி, மெல்லிய நிறத்தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டுவார்கள். எட்டுப் பட்டை கொண்ட ‘அட்டபட்டம’ பழைய வடிவம். புத்தரின் எண்வழியை அதில் காண்பவர்கள் உண்டு. காசு குறைவு, பொறுமை கூட வேண்டும். ஒரு முடிச்சு இறுகினால் சட்டகம் கோணும், பசை கூடினால் தாள் கிழியும். காற்றுக்கு மெழுகுதிரி சரிந்தால் மூன்று இரவு வேலை ஒரு நிமிடத்தில் சாம்பல். நிலையாமையை ஒரு பிள்ளைக்கு இதைவிட நன்றாக எந்தப் பாடப்புத்தகம் சொல்லித்தரும்? கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு குந்தியிருந்து இதைக் கட்டுவார்கள்.

கடையில் மடித்து விற்கும் பிளாஸ்டிக் கூட்டில் இந்தப் பாடம் எதுவும் இல்லை. எரியாது, கிழியாது, விழா முடிந்தபின் அழியவும் அழியாது. சமய, சமூக விழாக்களின் அலங்காரத்துக்குப் பொலித்தீன் கூடாது என்று 2017 செப்டெம்பரில் சட்டம் வந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில்தான் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். கொழும்பின் குப்பை யார் தலையில் விழுகிறது என்பதை அதற்குப் பிறகும் ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. பாங்கொக்கிலும் இதே துன்பம்: விழாவின் மறுநாள் லட்சக்கணக்கான தெப்பங்களை நீரிலிருந்து அள்ளுகிறார்கள். ரெஜிபோமைக் குறைத்து வாழைத்தண்டுக்குத் திரும்ப அவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நமக்கு மூங்கில் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தோரணங்களைப் பற்றி வேறு குறை. ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் சுழல, ஜாதகக் கதையைச் சித்திரமாகவும் பாட்டாகவும் சொல்வது அபாரமான தெருக்கலை. பேரை ஏரியில் கங்காராமயவின் வெளிச்சத்தைக் காணவும், பௌத்தாலோக மாவத்தையில் நடக்கவும், வெள்ளவத்தையிலிருந்து குடும்பம் குடும்பமாக ‘வெசாக் பார்க்க’ப் போவோம். பார்க்கத்தான் முடிகிறது. கதை சிங்களத்தில் மட்டும் ஒலிப்பதால், படத்தில் இருப்பவர் எந்த அரசன், ஏன் அழுகிறான் என்று பிள்ளை கேட்டால் பாதித் தமிழ்ப் பெற்றோருக்கு விடை இல்லை.

வெசாக் நாள்களில் இலவசமாக உணவளிக்கும் தன்சலில் இந்தத் தடை இல்லை. கடலை, மரவள்ளிக்கிழங்கு, சோறு, ஐஸ் கிறீம் என்று எதுவானாலும் வரிசையில் நிற்பவரிடம் பெயர் கேட்பதில்லை, மொழி கேட்பதில்லை. வாகனத்தை மறித்துக் கூப்பிட்டே கொடுப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மணிமேகலை நினைவுக்கு வருகிறாள். பலர் நயினாதீவு என்று கருதும் மணிபல்லவத்தில், கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் வற்றாத பிச்சைப் பாத்திரம் மேலெழுவது புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமியில்தான். வெசாக் நாளையும் பசித்தவருக்குச் சோறிடுவதையும் நம் காப்பியம் முன்பே இணைத்திருக்கிறது. அதை நாமும் மறந்தோம், சிங்கள அயலவர்களுக்கும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு வெசாக்குக்கு மணிமேகலைத் தோரணம் எழ வேண்டும். கதையைச் சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லட்டும். முதற் படத்தில் கோமுகிப் பொய்கை, அடுத்ததில் பாத்திரத்தில் முதற் பிச்சையிடும் ஆதிரை, கடைசியில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறும் காட்சி. மூங்கில் கட்டத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் மாடியிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.