நல்ல முடி எது?

2022 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் விழுந்த அந்த அறையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வில் ஸ்மித் விறுவிறுவென்று மேடையேறி, கிறிஸ் ராக்கின் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு, வந்த வழியே போய் உட்கார்ந்தார். காரணம், முடி. ஸ்மித்தின் மனைவி ஜேடாவுக்கு முடி உதிரும் கோளாறு. தலையை மழித்துக்கொண்டு விழாவுக்கு வந்திருந்தார். அதை வைத்து ராக் ஒரு ஜோக் அடித்தார். கை நீட்டியது தப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வராமல் போன ஒரு விஷயம் உண்டு. அறை வாங்கிய அந்த மனிதர், 13 வருஷத்துக்கு முன்னால் கறுப்பினப் பெண்களின் முடியைப் பற்றியே ஒரு முழுப்படம் எடுத்தவர். அதற்காக நம்ம பக்கத்துத் திருப்பதி வரைக்கும் வந்து போனவர்.

படத்தின் பெயர் ‘குட் ஹேர்’. 2009-ல் வந்த டாக்குமென்டரி. இயக்கியவர் ஜெஃப் ஸ்டில்சன் என்றாலும் படம் முழுக்க ராக்தான் இருக்கிறார். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் வாங்கியது. ராக்கின் சின்ன மகள் ஒரு நாள் அப்பாவிடம் வந்து, எனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று கேட்டாளாம். அங்கே ஆரம்பிக்கிறது படம்.

‘நல்ல முடி’ என்றால் அங்கே என்ன அர்த்தம்? வெள்ளைக்காரர்கள் தலையில் இருப்பது மாதிரி நீளமாக, நேராக, சீப்புப் போட்டால் வழுக்கிக்கொண்டு வருவது. அந்தக் குழந்தையின் தலையில் இருப்பதோ சுருள் சுருளாக, அடர்த்தியாக, மேல்நோக்கி எழும்பி நிற்கும் முடி. அதில் என்ன குறை? ஒன்றுமில்லை. முடி முளைக்கும் குழி வளைந்திருந்தால் முடியும் வளைந்து வளரும், அவ்வளவுதான். 2023-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு பொம்மைத் தலைக்கு விதவிதமான விக் மாட்டி, வெயில் மாதிரி சூடு காட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். மண்டையைச் சூட்டிலிருந்து அதிகம் காப்பாற்றியது இறுக்கமான சுருட்டை முடிதான். ஆப்பிரிக்க வெயிலுக்கு இயற்கை கொடுத்த குடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடையை மடக்கத்தான் அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் வியாபாரம். முடியை நேராக்கும் கிரீம்கள் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. பயந்துவிடாதீர்கள், நமக்குத் தெரிந்த காஸ்டிக் சோடாதான் அது! சோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் பயன்படும் அதே சரக்கு. படத்தில் ஒரு வேதியியல்காரர் காலியான சோடா டின்னை அதில் போட்டுவைக்கிறார். அலுமினியம் கரைந்து ஓட்டை விழுகிறது. அடுத்த காட்சிகளில் அந்த கிரீமை ஒரு சிறுமியின் தலையில் தடவுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கே மண்டை எரிகிறது.

படம் வந்து 13 வருஷம் கழித்து இன்னொரு சேதியும் வந்தது. அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022-ல் வெளியானது. முடி நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 70 வயதுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் என்றும், பயன்படுத்தாதவர்களுக்கு 1.6 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். ரசாயனம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் காதில் போட்டுக்கொள்ளாமல் விடவும் முடியாது.

கிரீம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒட்டுமுடி. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து அடுத்தவர் முடியைத் தலையில் வைத்துத் தைத்துக்கொள்கிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் ராக் இந்தியாவுக்கு விமானம் ஏறுகிறார். திருமலையில் பக்தர்கள் மொட்டை போட்டுக்கொள்ளும் கல்யாணக் கட்டாவில் முடி மலைமலையாகக் குவிகிறது. ஏலம் போகிறது. தரம் பிரித்து, கழுவி, கட்டுக் கட்டி, கப்பல் ஏறுகிறது. பழனி, திருத்தணி, சமயபுரத்து முடிக்கும் ஏலம் உண்டு. இது தவிர, சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஓலைக்கூரையில் செருகி வைத்து, தெருவில் வருகிற சவுரிமுடிக்காரரிடம் கொடுத்து ஏதாவது பாத்திரமோ தின்பண்டமோ வாங்கியது நம்ம கிராமத்து அம்மாக்களுக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவும் சரி. படம் விறுவிறுப்பு, சிரிப்பு, தகவல் எல்லாம் உண்டு. ஒரு தடவை கட்டாயம் பார்க்கலாம். ஆனால் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு இரண்டு குறைகள் உறுத்துகின்றன.

முதல் குறை, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது. படம் முழுக்க அந்தப் பெண்களைப் பார்த்துத்தான் சிரிப்பு. இவ்வளவு செலவா, இவ்வளவு எரிச்சலா, இதெல்லாம் தேவையா என்று. தேவையாக்கியது யார் என்ற கேள்வியை ராக் தொட்டுவிட்டு நழுவிவிடுகிறார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் தலைமுடி ஓர் அடையாள அட்டை மாதிரி. எந்த இனம், கல்யாணம் ஆனவரா, துக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பின்னலே சொல்லிவிடும். நமீபியாவின் ஹிம்பா பெண்கள் செம்மண்ணையும் வெண்ணெய்க் கொழுப்பையும் குழைத்து இன்றைக்கும் சடைகளில் பூசிக்கொள்கிறார்கள். பெண்களின் கூந்தல் அலங்காரத்தை ஐந்தாகப் பிரித்து ‘ஐம்பால்’ என்று பெயர் வைத்த மொழிக்காரர்களான நமக்கு இது புரியாத விஷயமா என்ன? அடிமைக் கப்பலில் ஏற்றும்போது பலருடைய தலையை மழித்தே ஏற்றினார்கள். சுத்தம் என்று காரணம் சொன்னார்கள். ஊரும் பேரும் மழிக்கப்பட்டது அப்போதுதான். 1786-ல், ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவில் கவர்னர் மீரோ ஓர் உத்தரவு போட்டார்: அடிமையல்லாத கறுப்பினப் பெண்களும் வெளியே வந்தால் தலைமுடியைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய அலங்காரம் அவ்வளவு கண்ணை உறுத்தியிருக்கிறது! அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்களா? பளபளக்கும் துணியை எடுத்து, தலைப்பாகையையே மகுடம் மாதிரி கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

1960-களில் அமெரிக்க இளைஞர்கள் முடியை நேராக்குவதை நிறுத்திவிட்டு, முளைத்தபடியே பந்தாக வளரவிட்டார்கள். ‘ஆஃப்ரோ’ என்று பெயர். 1970-ல் ஏஞ்சலா டேவிஸைத் தேடி எஃப்.பி.ஐ. ஒட்டிய போஸ்டரில் அந்த முடிதான் பெரிதாகத் தெரியும். வழக்கில் 1972-ல் அவர் விடுதலையானார். ஆனால் அந்தப் போஸ்டருக்குப் பிறகு அதே மாதிரி முடி வைத்திருந்த பெண்களைப் போலீஸ் நிறுத்தி விசாரித்த கதைகளும் உண்டு. ஜமைக்காவின் ரஸ்தாஃபாரிகள் சடைமுடி வளர்த்ததும், கென்யக் காடுகளில் பிரிட்டிஷாரை எதிர்த்த மாவ் மாவ் வீரர்கள் சடையோடு திரிந்ததும் இதே வரிசையில் வருபவை. எங்கள் தலையை இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள், அதுவும் வாயைத் திறக்காமல்.

இப்படிச் சொன்னவர்களுக்கு என்ன விலை? 1981-ல் ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ரெனீ ராஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண், ஒட்டப் பின்னிய சடையோடு வேலைக்கு வரக்கூடாது என்ற விதியை எதிர்த்து நீதிமன்றம் போனார். தோற்றார். பின்னல் பிறவியில் வந்ததல்ல, மாற்றிக்கொள்ளக்கூடியது என்றது நீதிமன்றம். அந்தப் பின்னலைப் பிரபலமாக்கியது ஒரு வெள்ளைக்கார நடிகை என்ற பேச்சும் அந்தத் தீர்ப்பில் வருகிறது! பல நூறு வருஷத்து ஆப்பிரிக்கப் பின்னலுக்கு 1979-ல் வந்த ஒரு ஹாலிவுட் படம் தாயாகிவிட்டது. ராக் படம் எடுக்கும்போது இந்த வழக்கு முடிந்து 28 வருஷம். நகைச்சுவைக் கலைஞருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்குமா? விட்டுவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்து ஒரு பெண் கிரீம் தடவினால், அதை வெறும் அலங்கார ஆசை என்று எப்படிச் சொல்வது?

படத்துக்குப் பிறகுதான் காற்று திசை மாறியது. 2016-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளி மாணவிகள், எங்கள் முடியை ஒழுங்கீனம் என்று சொல்லாதீர்கள் என்று போராடி, பள்ளியின் முடி விதியை நிறுத்திவைக்கச் செய்தார்கள். 2019-ல் கலிஃபோர்னியா மாநிலம் ‘கிரவுன் சட்டம்’ கொண்டுவந்தது. இயற்கையான முடி, சடை, பின்னல் ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டினால் அது இனப் பாகுபாடு. பிறகு 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதே வழியில் சட்டம் போட்டன. யோசித்துப் பாருங்கள், தலையில் முளைப்பதை முளைத்தபடி வைத்துக்கொள்ள ஒரு சட்டம்!

இரண்டாவது குறை நம்மைப் பற்றியது. ராக்கின் கேமராவுக்கு நாம் வெறும் கச்சாப் பொருள். மொட்டை போடும் பெண் எதற்கு வேண்டிக்கொண்டாள், பிள்ளைக்குக் காய்ச்சல் குணமானதற்கா, புருஷன் திரும்பி வந்ததற்கா? கேட்கவில்லை. நம்ம ஊரில் எது நல்ல முடி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படம் இன்னும் ஆழமாகப் போயிருக்கும்.

ஏனென்றால் அதே அளவுகோல் நம்மிடமும் இருக்கிறது. சுருட்டை முடிக்காரக் குழந்தையைக் கொஞ்சும்போதே ‘பரட்டை’ என்கிறோம். ‘காப்பிரி முடி’ என்று கேலி செய்கிறோம். ஆப்பிரிக்கர்களைக் குறிக்கும் வசைச்சொல் அது என்று தெரிந்தும் தெரியாமலும் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை போட்டு ரிப்பன் கட்டி வா என்றால், சுருட்டை முடிக்காரப் பெண்ணுக்கு ஜடை காதைத் தாண்டாது. அவள் எண்ணெயைக் கொட்டி இழுத்து இழுத்துப் பின்னி, தலைவலியோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். பையன்கள் கொஞ்சம் விதமாக முடி வெட்டினால் ‘புள்ளிங்கோ’ என்று பட்டம். வாத்தியாரே கத்தரிக்கோல் எடுத்த செய்திகளைப் பேப்பரில் படிக்கிறோம். வசதியான வீட்டுப் பையன் அதே மாதிரி வெட்டிக்கொண்டால் அது ஸ்டைல். கவனித்திருக்கிறீர்களா?

திருப்பதியிலிருந்து விழுப்புரத்துக்கு ரயில் இருக்கிறது. ராக் அதில் ஏறியிருந்தால், அங்கிருந்து பஸ் பிடித்து, இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்துக்கு வந்திருக்கலாம். சித்திரைத் திருவிழாவில், கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள வருகிற திருநங்கைகளின் தலையைப் பார்த்திருப்பார். பின்னிப் பூ வைத்த கூந்தல்கள். திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் சண்டை ஆரம்பிப்பது பெரும்பாலும் முடியில்தான். ‘ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா இவ்ளோ முடி?’ என்று பிடித்து உட்காரவைத்து வெட்டிவிடுவார்கள். ஓடிப்போய் வளர்ப்பார்கள். வளரும் வரைக்கும் சவுரி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கூந்தலை அழகுக்கு வளர்த்தது என்று மட்டும் சொன்னால் போதுமா? நான் யார் என்று ஊருக்குச் சொல்வது அது. லூசியானாப் பெண்ணின் தலைப்பாகையும் ஏஞ்சலாவின் ஆஃப்ரோவும் சொன்னது அதையேதான்.

இதில் நாம் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. 2014 ஏப்ரலில் திருநர் உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் தோற்றத்தாலும் வெளிப்படுத்துவது அரசியல் சட்டம் தந்த கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. கலிஃபோர்னியா சட்டத்துக்கு ஐந்து வருஷம் முன்னால்! அந்தத் தீர்ப்பு திருநருக்காக வந்தது. ஆனால் அதன் நியாயம், ரிப்பனுக்கு எட்டாத சுருட்டை முடிக்காரப் பெண்ணுக்கும் கத்தரிக்கோலுக்குப் பயந்து பின்பெஞ்சில் ஒளியும் பையனுக்கும் பொருந்தாதா?

‘குட் ஹேர்’ படத்தைப் பாருங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். அதில் ஒரு காட்சி வருகிறது. ராக் ஒரு பை நிறையக் கறுப்பினத்தாரின் சுருட்டை முடியை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் கடைகளில் விற்கப் போகிறார். ஒருவரும் வாங்கவில்லை. நம்ம தலையில் மழித்த முடிக்கு ஆயிரம் டாலர், அந்த மண்ணிலேயே முளைத்த முடிக்குக் கால் காசு கிடையாது. எல்லோரும் சிரிக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டுச் சுருட்டை முடிக்காரப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பல் அகலமான சீப்பு ஒன்று வாங்கி, முடி ஈரமாக இருக்கும்போதே நுனியிலிருந்து மெதுவாகச் சிக்கெடுத்துவிடுங்கள். இழுக்காதீர்கள். ‘என்னடி இது பரட்டை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.