ஷட்டருக்கு வழிவிடும் இணைப்பு

கேமராவைக் கணினியோடு கேபிளால் பிணைத்துப் படமெடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸைப் பற்றியும் விளக்குகளைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். மெனுவின் ஒரு மூலையில் கிடக்கும் யுஎஸ்பி அமைப்புக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. 2004இல் வந்த நிக்கான் டி70இல் அங்கே மாஸ் ஸ்டோரேஜ், பிடிபி என இரண்டு தேர்வுகள் இருந்தன. கணினியிலிருந்து ஷட்டரை இயக்க வேண்டுமென்றால் பிடிபியே தகும். வசதியைத் தாண்டி, அதன் அமைப்பிலேயே ஒரு நேர்த்தி இருக்கிறது.

மாஸ் ஸ்டோரேஜில் கேமரா பென் டிரைவ் வேடம் போடுகிறது. மெமரி கார்டு முழுவதும் கணினியின் கைக்குப் போய்விடும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கணினி திருத்திக்கொண்டிருக்கையில் கேமராவும் அதே கார்டில் எழுதினால் எல்லாம் குலைந்துபோகும். ஆகவே கேமரா படமெடுக்கும் வேலையையே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஐஎஸ்ஓ 15740 என்ற தரத்தில் வகுக்கப்பட்ட பிடிபியில் கார்டு கேமராவின் பொறுப்பிலேயே இருக்கிறது. கணினி எதையும் தானாக எடுத்துக்கொள்ளாது, கேட்டுத்தான் பெறும்: ஷட்டர் வேகம் என்ன என்று விசாரிக்கும், மாற்றச் சொல்லும், படமெடுக்கச் சொல்லும், இன்ன எண்ணுள்ள படத்தைத் தா என்னும். ஒவ்வொன்றுக்கும் கேமரா பதில் தரும். அதைவிட ரசிக்கத்தக்கது, புதுப் படம் சேர்ந்ததும் யாரும் கேட்காமலே கேமரா அனுப்பும் அறிவிப்பு. அதனால்தான் கலைஞர் கையால் ஷட்டரை அழுத்தினாலும் படம் திரையில் வந்து நிற்கிறது. குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்களை அடுக்கும் மேக்ரோ வேலையில், கேமராவை விரல் தொடவே கூடாத அந்த வேலையில், இதன் அருமை முழுதாகத் தெரியும்.

மாஸ் ஸ்டோரேஜுக்குத் தனி மென்பொருளே வேண்டாமே என்பார்கள். படங்களை நகலெடுக்க மட்டும் என்றால் சரிதான். அதற்குக் கார்டு ரீடரே போதும். பிடிபியை நிறுவனங்கள் தத்தம் சொந்தக் கட்டளைகளால் நிரப்பிவிட்டன என்ற குறை இன்னும் கனமானது. அது உண்மை. அந்தக் கட்டளைகளைப் பொறுமையாக ஆராய்ந்து லிப்ஜிஃபோட்டோ2 என்ற திறமூல நிரலில் சேர்த்தவர்களின் உழைப்பை வணங்கத்தான் வேண்டும். ஆனால் நீட்டிப்புக்கு இடம்விட்டதும் அந்தத் தரமே. இல்லையென்றால் ஒவ்வொரு நிறுவனமும் அடித்தளத்திலிருந்து தனி வழி போட்டிருக்கும்.

வைஃபை வந்தபின் கேபிள் எதற்கு என்றும் கேட்கலாம். பிடிபி-ஐபி மூலம் அதே உரையாடல் காற்றிலும் நடக்கும். நடமாடி உருவப்படம் எடுப்பவர் சிறிய ஜேபெக்கை மட்டும் அனுப்பி, ரா கோப்பைக் கார்டிலேயே வைத்துக்கொண்டால் வைஃபை அவருக்குப் பொருத்தம். முக்காலியில் நிலைத்த கேமரா, ஒவ்வொரு படமும் பல மெகாபைட் ரா கோப்பு என்றால் கேபிளே மேல், யுஎஸ்பி 2.0 கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோனி கேமராக்களில் கணினியிலிருந்து இயக்குவதற்கான தேர்வு பிசி ரிமோட் என்ற பெயரில் இருக்கிறது. லினக்ஸில் செருகியவுடன் டெஸ்க்டாப்பே கேமராவைப் பிடித்துக்கொள்வதுண்டு. அதை விடுவித்த பிறகே லிப்ஜிஃபோட்டோ2வைக் கொண்டு இயங்கும் ஜிஃபோட்டோ2 நிரலின் கட்டளைகளுக்குக் கேமரா செவிகொடுக்கும்.